காய்ச்சல் என்று எழுத மாட்டேன்

ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில் உள்ள அந்த வீட்டின் சமையலறை மேசையில் காலை எட்டு மணிக்குமேல் யாரும் சாப்பிட முடியாது. மகள் அபிதா பள்ளிக்கூடத்துக்கும் கணவன் யசீகரன் மருத்துவமனை வேலைக்கும் கிளம்பியதும் மேசை சோபனாவின் அலுவலகமாகிவிடும். மடிக்கணினியைத் திறந்து, ஹெட்ஃபோனை மாட்டி, இரண்டு விரல்களால் மேசையைத் தட்டத் தொடங்குவாள். டக் டக் டக் டக். நிறுத்துவாள். ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுப்பாள். மறுபடியும் டக் டக் டக்.

“விடிய வெள்ளனத் தவில் தொடங்கியாச்சு,” என்று தாய் வசந்தமலர் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவார்.

ஜப்பானில் வரைந்து எடுக்கும் அனிமே தொடர்களை ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக மாற்றி வெளியிடுகிற ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு வசனம் எழுதுவது சோபனாவின் தொழில். வரைந்த வாய் ஜப்பானிய மொழிக்கு ஏற்றபடி திறந்து மூடும். அதை அழித்து வரைய முடியாது. வாய் ஐந்து முறை திறந்தால் ஐந்து அசையில் ஆங்கில வசனம் எழுத வேண்டும், ஏழு முறை திறந்தால் ஏழு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பார்க்கிறவனுக்கு உறுத்தும். அதற்குத்தான் அந்தத் தட்டல். தட்டித் தட்டி அவள் விரல் நுனியில் தோல் தடித்துவிட்டது.

ஜப்பானிய மொழி அவளுக்கு வந்த கதை எளிமையானது. போர் துரத்தியதில் பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தாள். உயர்பள்ளியில் ஒரு மொழிப்பாடம் எடுக்க வேண்டியிருந்தது. கணக்கைத் தவிர எல்லாப் பாடத்திலும் அவள் மற்றப் பிள்ளைகளுக்குப் பத்தடி பின்னால் நின்றாள். ஜப்பானிய மொழி வகுப்பில் மட்டும் எல்லாரும் பூச்சியத்திலிருந்து தொடங்கினார்கள். வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கிற மொழி என்றதும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அவளுக்கோ அது சொந்த வீட்டுக்குள் நடப்பதைப்போல இருந்தது. பிறகு பதினாறு வருடம் ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி வைட்டோமோ குகைகளுக்கும் ரொட்டோருவாவுக்கும் கூட்டிப்போனாள். 2020இல் கொரோனாவுக்காக நாட்டின் எல்லையை மூடினார்கள். பயணி இல்லாத வழிகாட்டிக்கு யார் வேலை தருவார்கள்? இணையத்தில் பரீட்சை எழுதி இந்த வேலைக்குள் நுழைந்தாள்.

நன்றாகவே செய்தாள். சோபனா இரத்தினசிங்கம் என்ற பெயர் திரையில் நீளம் என்று கம்பெனிக்காரர் ‘ஷோ சிங்’ ஆக்கினார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. “பஞ்சாபிக்காரியாய் மாத்திப்போட்டாங்கள்,” என்று யசீகரன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

அவள் நிரப்புகிற தாளில் ஐந்து கட்டங்கள் உண்டு. காட்சி எண், மூல வசனம், ஆங்கில வசனம், வாயசைவின் எண்ணிக்கை, கடைசியாகக் காரணம். ஆங்கிலம் மூலத்தைவிட்டு விலகினால் ஏன் விலகியது என்று அந்தக் கடைசிக் கட்டத்தில் ஜப்பானிய மொழியில் எழுத வேண்டும். டோக்கியோவில் தொடரின் உரிமைக்காரர்கள் அதைப் படித்துச் சம்மதம் தந்தால்தான் ஒலிப்பதிவு நடக்கும்.

ஐந்து வருடத்தில் அந்தக் கட்டத்தில் அவள் எழுதியது பெரும்பாலும் ஒரே சொற்றொடர்தான்: வாயசைவுக்காக. உலர்ந்த கணவாயை மாட்டிறைச்சி வற்றல் ஆக்கச் சொன்னார்கள். ஆக்கினாள். காரணம், வாயசைவு. இறந்தவர்களுக்குப் படைக்கிற மாடத்தைப் புகைப்படத் தட்டு ஆக்கினாள். காரணம், வாயசைவு. ஊர்த் திருவிழா கடற்கரைக் கேளிக்கை ஆனது, அதுவும் வாயசைவுதான். அமெரிக்கப் பிள்ளைக்கு வேறொரு ஊர் இருக்கிறது என்ற செய்தியே தெரியக்கூடாது என்பதுபோல ஒவ்வொன்றாகத் துடைத்தார்கள். துணியைப் பிடித்துக் கொடுத்தவள் சோபனா. எல்லா இடத்திலும் இப்படித்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் எல்லாரும் சொல்கிற சமாதானம் அது.

போன வருடம் ஒரு தொடர் வந்தது. மீன்பிடித் தீவு ஒன்றில் வாழும் நமியே என்ற பதின்மூன்று வயதுச் சிறுமியின் கதை. ஆங்கிலத்தில் அவள் ‘நயோமி’. எட்டுப் பகுதிவரை கணவாயும் மாடமும் திருவிழாவும் இங்கேயும் வழக்கம்போலத் துடைபட்டன, ஒரு குழப்பமும் இல்லை. ஒன்பதாம் பகுதியில்தான் வந்தது.

அந்தத் தீவில் மாதவிடாய் வந்த பெண்களைக் கடற்கரையோரக் குடிசையில் தனியே வைப்பார்கள். அந்த நாட்களில் அவர்கள் படகைத் தொடக்கூடாது. தொட்டால் கடல் தெய்வம் கோபித்துக்கொள்ளும். ஒரு தேக்கரண்டி இரத்தத்துக்கு அஞ்சுகிற தெய்வம் புயலை எப்படி அடக்கப்போகிறது என்று தீவில் ஓர் ஆணும் கேட்டதில்லை. நமியேவுக்கு முதன்முதலாக வந்து மூன்றாம் நாள். குடிசை யன்னலால் பார்க்கிறாள். அவளுடைய அண்ணனின் படகு பாறையில் செருகிக் கிடக்கிறது. ஆண்கள் மறுகரைக்குப் போய்விட்டார்கள். கரையில் நிற்கும் கிழவர்கள் கையைப் பிசைகிறார்கள். நமியே கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். தொடாதே என்று கத்துகிறார்கள். அவள் ஒரு படகைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சொல்கிறாள்: இது நோயில்லை, என் இரத்தம்.

திரை முழுக்க அவள் முகம். வாய் ஏழு முறை திறக்கிறது.

சோபனா ஒரு முழுக் காலை அந்த ஏழுக்காகத் தட்டினாள். கடைசியில் கிடைத்தது. இட்ஸ் நாட் சிக்னெஸ், இட்ஸ் மை பிளட். நாலும் மூன்றும் ஏழு. கடைசிச் சொல்லில் வாய் மூடுவதுகூடச் சரியாக விழுந்தது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தாள். ஒன்றும் உறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கலிஃபோர்னியாவிலிருந்து ஹெதர் அழைத்தாள். தொடரைப் பொறுப்பெடுத்து நடத்துகிறவள் அவள். அங்கே இன்னும் வியாழன் பிற்பகல். ஆகவே எப்போதும் ஒரே பகிடியோடுதான் தொடங்குவாள்.

“நாளைக்கு எப்படி இருக்கிறது, ஷோ?”

“நாளைக்கும் மழைதான்.”

“ஒன்பதாம் பகுதி அருமை. ஒரே ஒரு சின்னத் திருத்தம். குடிசையில் இருக்கிற பெண்ணுக்குக் காய்ச்சல்.”

“அவளுக்கு மாதவிடாய்.”

“தெரியும். நம்முடைய பதிப்பில் காய்ச்சல். குடும்பப் பட்டியலில் போகிற தொடர் இது. பத்து வயதுப் பிள்ளைகள் அப்பாவோடு உட்கார்ந்து பார்ப்பார்கள்.”

“நாலாம் பகுதியில் கொள்ளைக்காரன் கையை வெட்டினார்கள். இரத்தம் திரை முழுக்கத் தெறித்தது. நல்ல விறுவிறுப்பு என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அதையும் அப்பாவோடுதானே பார்த்தார்கள்?”

“அது சண்டைக் காட்சி.”

“அதாவது வெட்டி எடுத்த இரத்தம் குடும்பத்துக்கு ஆகும், தானாக வருகிற இரத்தம் ஆகாது.”

ஹெதர் சிரித்தாள். கெட்டவள் அல்ல. அபிதாவின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புகிறவள். “நான் போட்ட விதி இல்லை, ஷோ. மேலே போட்டது.”

“சரி, காய்ச்சல் என்றே வைப்போம். அப்படியென்றால் அந்தக் கிழவர்கள் செய்தது என்ன? தொற்று வந்தவளைத் தனிமையில் வைத்தார்கள். நல்ல காரியம். அவள் செய்தது? காய்ச்சலோடு வெளியே வந்து ஊருக்கெல்லாம் பரப்பப் பார்த்தாள். நாங்கள் இந்த ஊரில் நூறு நாளுக்குமேல் வீட்டுக்குள் இருந்தவர்கள், ஹெதர். எங்களுக்கு அடுத்த வீட்டுப் பெண் தகப்பனின் கடைசி மூச்சைத் தொலைபேசியில்தான் கேட்டாள். காய்ச்சலோடு கதவைத் திறந்துகொண்டு வருகிறவள் இங்கே வீராங்கனை இல்லை. ஒரு சொல்லை மாற்றி, அடைத்து வைத்தவர்களை வைத்தியர்கள் ஆக்குகிறீர்கள். வெளியே வந்தவளைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள்.”



“நீ சொல்வது புரிகிறது,” என்றாள் ஹெதர். “முடிவு மாறாது. ‘நான் சுகம், சத்தியமாய்’ என்கிற மாதிரி ஏதாவது எழுது. காரணத்துக்கு வழக்கமானதைப் போடு. வாயசைவு.”

“வாயசைவுக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. நான் எழுதியது ஏழு. அவள் வாயும் ஏழு.”

“இருநூறு தடவை எழுதியிருக்கிறாய், ஷோ. இருநூற்றியோராவது தடவையில் அப்படி என்ன வந்துவிட்டது?”

 சோபனாவுக்குக் கன்னத்தில் அறை விழுந்ததுபோல இருந்தது. அறைந்தது ஹெதர் இல்லை, அந்த இருநூறுதான்.

“செவ்வாய்க்குள் தாள் வந்தாக வேண்டும். இல்லையென்றால் மீதித் தொடரை வேறொருவரிடம் கொடுக்க வேண்டிவரும். மிரட்டல் என்று நினைக்காதே. அட்டவணை அப்படி.”

அன்று மாலை சாப்பாட்டு நேரத்தில் அவள் நடந்ததைச் சொன்னாள். யசீகரன் புட்டைக் குழைத்தபடி கேட்டான். “ஒரு சொல்லுக்காக வேலையை விடப்போறீரோ? வீட்டு மோர்ட்கேஜ் என்ன கார்ட்டூன் பாத்தே கட்டுறது?”

“சொல்லை மாத்தச் சொன்னதுகூடப் பரவாயில்லையப்பா. மாத்தினதுக்குப் பொய்க் காரணத்தை என்ர கையால எழுதச் சொல்லுறாங்கள். டோக்கியோக்காரர் அதை நம்பித்தான் கையெழுத்து வைப்பினம்.”

“நீர் எழுதாட்டி இன்னொருத்தர் எழுதுவார்.”

“எழுதட்டும். அது அவையின்ர கை.”

பன்னிரண்டு வயது அபிதா எப்போதும்போல ஆங்கிலத்திலேயே குறுக்கிட்டாள். பீரியட்ஸ் பற்றித் தங்களுக்குப் போன வருடமே வகுப்பில் சொல்லித் தந்துவிட்டார்கள், பையன்களும் கூடவே இருந்தார்கள், ஒருத்தரும் மயங்கி விழவில்லை, இந்தப் பெரியவர்களுக்கு என்னதான் வருத்தம் என்று கேட்டாள். வசந்தமலர் காதில் விழாத மாதிரிச் சட்டியைக் கொண்டுபோய்க் கழுவினார்.

காய்ச்சல். அந்தச் சொல் சோபனாவைச் சும்மா விடவில்லை. அவளுக்கு அது பழைய சொல்.

1999. சான்ட்ரிங்ஹாமில் வாடகை வீடு. சோபனாவுக்குப் பதின்மூன்று வயது. ஆக்லாந்துப் பள்ளிக்கூடங்களுக்கு இடையே நடந்த ஜப்பானியப் பேச்சுப் போட்டிக்கு வகுப்பிலிருந்து அவளைத் தெரிவு செய்திருந்தார்கள். இந்த நாட்டுக்கு வந்து முதன்முறையாக ஒருவர் அவளை முன்னுக்கு நிறுத்திய இடம் அது. இரண்டு நிமிடப் பேச்சு. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நூறு முறை சொல்லிப் பார்த்திருப்பாள். போட்டி சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை அவள் பெரியபிள்ளை ஆனாள்.

பின்னறையில் ஒரு பாய், தனித் தட்டு, தனிக் கோப்பை. வெளியே போகக்கூடாது, ஆண்கள் முகத்தில் முழிக்கக்கூடாது. பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்வது? தாய் தகப்பனுக்கு ஆங்கிலம் போதாது. வீட்டுக்கு வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாம் சோபனாதான். அந்தக் கடிதத்தையும் அவளே எழுத வேண்டியிருந்தது. அம்மா கதவடியில் நின்று தமிழில் சொல்ல, அவள் பாயில் குந்தியிருந்து ஆங்கிலத்தில் எழுதினாள். சோபனாவுக்குக் கடும் காய்ச்சல். அம்மா கையெழுத்து வைத்தார்.

வேறொரு பெண் போட்டிக்குப் போனாள். ஆசிரியை வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் கொடுத்தார். சீக்கிரம் குணமாகு என்று ஜப்பானிய எழுத்தில் இருந்தது. குணமாக அங்கே என்ன இருந்தது?

இதில் மோசமான பகிடி பிறகுதான் நடந்தது. பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று மறைத்த அதே சங்கதியை, மூன்று வாரம் கழித்து மண்டபம் எடுத்து, கார்டு அடித்து, நூற்றைம்பது பேரைக் கூப்பிட்டு, அவளுக்குச் சேலை கட்டி மேடையில் இருத்தி அறிவித்தார்கள். பிள்ளையின் உடம்பு ஊருக்குச் செய்தி. ஆனால் பிள்ளை படிக்கிற இடத்தில் அது வெட்கக்கேடு. இதில் எங்கே தர்க்கம் இருக்கிறது என்று அன்றைக்கு அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. தெரிந்த நாளிலிருந்து அவள் எந்தச் சாமத்தியச் சடங்கு வீட்டுக்கும் போனதில்லை.

சனிக்கிழமை தாயைச் சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். கிளென்ஃபீல்ட் மாலில் கிடைக்கிற மரக்கறி மரக்கறியே இல்லை என்பது வசந்தமலரின் கட்சி. மளிகைக் கடைக்குள் அவர் முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சோபனா கேட்டாள்.

“அம்மா, காய்ச்சல் எண்டு என்னைக் கொண்டே எழுதுவிச்சனீங்கள். ஞாபகம் இருக்கோ?”

வசந்தமலர் நிமிரவில்லை. “மெல்லக் கதை. ஆக்கள் நிக்கினம்.”

“நிக்கட்டும். ஏன் அப்படிச் சொன்னனீங்கள்?”

“வேற என்னத்தைச் சொல்லுறது? வந்து ரெண்டு வருஷம். கொப்பாவுக்கு விசா முடிவு வரேல்லை. பிள்ளையை அறைக்குள்ள வைச்சிருக்கிறம் எண்டு உண்மையை எழுதினால், வெள்ளைக்காரங்கள் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாங்களோ எண்டு பயம். திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ எண்டு பயம். பயத்தில எழுதினது அது.”

“அறைக்குள்ள வைக்காமலே இருந்திருக்கலாமே?”

“அது வேற கதை.”

“பள்ளிக்கூடத்துக்கு ஒளிச்சுப்போட்டு நூற்றைம்பது பேருக்கு ஏன் கார்டு அடிச்சனீங்கள்?”

“அது எங்கட சனம்.”

“கடவுளுக்கு?”

“கடவுளுக்கு ஆர் சொல்ல வேணும்? அவருக்குத் தெரியும்.”

“தெரிஞ்சும் அவருக்கு ஒண்டும் ஆகேல்லைப் பாத்தீங்களே.”

அடுத்த வரிசையில் அரிசி மூட்டை பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். வசந்தமலருக்கு முகம் சிவந்துவிட்டது. நாலு முருங்கைக்காயைத் தெரிந்தெடுத்து மகளின் கையில் திணித்தார். இரண்டடி நடந்தார், நின்றார்.

“நான் பயத்தில சொன்ன பொய் அது, பிள்ளை. அவைக்கு என்ன பயம்? அவையின்ர நாடு, அவையின்ர கொம்பனி. ஆர் அவையைத் திருப்பி அனுப்பப்போறான்? அவை ஏன் காய்ச்சல் எண்டு சொல்லோணும்?”

சோபனா முருங்கைக்காயைக் கூடையில் வைத்துவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினாள்.

“அதுக்காகத் தீட்டு இல்லையெண்டு நான் சொல்லேல்லை.”

“அம்மா!”

“என்ன அம்மா? கத்தரிக்காயையும் பாத்து எடு.”

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குச் சோபனா மேசையில் உட்கார்ந்தாள். அன்று தட்டவில்லை. ஒன்பதாம் பகுதியின் தாளைத் திறந்தாள். ஆங்கில வசனக் கட்டத்தில் கம்பெனி கேட்டபடியே காய்ச்சல் வசனத்தை எழுதினாள். வேலை கொடுத்தவன் என்ன வசனம் வேண்டும் என்று கேட்கலாம். ஏன் வேண்டும் என்பதைப் பொய்யாக்கச் சொல்ல அவனுக்கு உரிமை இல்லை. காரணக் கட்டத்தில் ஜப்பானிய மொழியில் எழுதினாள்:

“வாயசைவு காரணம் அல்ல. மூல வசனம் ஆங்கிலத்தில் ஏழு அசைக்குள் சரியாகப் பொருந்துகிறது. அந்த வரியைக் கீழே தந்திருக்கிறேன். மாதவிடாய் குடும்பங்கள் பார்க்கத் தகாதது என்று கம்பெனி கருதுகிறது. அதனால் காய்ச்சல் என்று மாற்றச் சொன்னார்கள். இந்த மாற்றத்தால் நமியே செய்த சரியான காரியம் தவறான காரியம் ஆகிவிடுகிறது.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஹெதர் கேட்ட கேள்வி இன்னும் காதில் நின்றது. இதே தொடரின் முதல் எட்டுப் பகுதித் தாள்களையும் திறந்தாள். மதியம்வரை உட்கார்ந்து ஒவ்வொரு ‘வாயசைவுக்காக’வையும் சோதித்தாள். அறுபத்து மூன்று இடத்தில் பொய். கணவாய், மாடம், திருவிழா, நமியேயின் பெயர் எல்லாவற்றையும் பட்டியலாக்கி இணைத்தாள். மேலே ஒரு வரி: “இந்த அறுபத்து மூன்று இடங்களிலும் நான் எழுதிய காரணம் உண்மையல்ல. எழுதியது என் கை.”

முதுகில் குத்துகிற பழக்கம் அவளுக்கு இல்லை. எழுதியதை எல்லாம் ஆங்கிலத்தில் பெயர்த்து, டோக்கியோவுக்குப் போகும் அதே மின்னஞ்சலில் ஹெதரையும் சேர்த்து அனுப்பினாள்.  

ஹெதரின் அழைப்பு அரை மணி நேரத்தில் வந்தது. இந்த முறை நாளையைப் பற்றி அவள் விசாரிக்கவில்லை.

“என்ன செய்துவிட்டாய் என்று தெரிகிறதா? என் தலை போகும்.”

“உங்கள் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. என் பெயரைத்தான் எழுதினேன்.”

“நீ ஒரு மொழிபெயர்ப்பாளர். நீதிபதி இல்லை.”

“மொழிபெயர்ப்பாளர் பொய் எழுதினால் அதைக் கண்டுபிடிக்க உங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை, ஹெதர். அவர்கள் பக்கத்திலும் இல்லை. அதனால்தான் எழுத முடியாது.”

“தொடரிலிருந்து உன்னை எடுத்தாயிற்று,” என்றாள் ஹெதர். குரலில் கோபத்தைவிடக் களைப்பு அதிகம் இருந்தது. “மற்ற வேலைகளும் வராது.”

“சரி.”

“வேறு ஒன்றும் சொல்ல இல்லையா?”

“இருக்கிறது. அந்த இருநூறுக்கு நான் வெட்கப்படுகிறேன். இதற்கு இல்லை.”

யசீகரன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மூன்றாம் நாள் தானே பழைய சுற்றுலாக் கம்பெனியின் தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்து மேசையில் வைத்தான். ஜப்பானியர்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்தார்கள். சோபனா வாரத்தில் நாலு நாள் பேருந்தில் ஒலிவாங்கி பிடித்தாள். வைட்டோமோ குகைக் கூரையில் ஒளிரும் மின்மினிப் புழுக்களைப் பற்றி ஐந்து வருடத்துக்கு முன் சொன்னதையே சொன்னாள். அவை பசியில்தான் ஒளிர்கின்றன, உங்களை வரவேற்க இல்லை என்று சொல்வாள். பயணிகள் சிரிப்பார்கள். டோக்கியோவிலிருந்து அவளுக்கு ஒரு பதிலும் வரவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பிற்பகல் அபிதா முன்னறையிலிருந்து கத்தினாள். ஒன்பதாம் பகுதி வந்துவிட்டது.

நாலு பேரும் உட்கார்ந்தார்கள். மூன்றாவது நிமிடத்திலேயே சோபனா நிமிர்ந்தாள். தீவுப் பிள்ளைகள் உலர்ந்த கணவாயைத் தின்றுகொண்டிருந்தார்கள். வற்றல் இல்லை, கணவாய் என்றே சொன்னார்கள். குடிசை வந்தது. காய்ச்சல் என்று ஒருவரும் சொல்லவில்லை. அண்ணனின் படகு பாறையில் ஏறியது. கதவு திறந்தது. கிழவர்கள் கத்தினார்கள். இடுப்பளவு தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டு சிறுமி திரும்பினாள்.

சோபனாவின் விரல்கள் தாமாகவே கதிரைக் கையில் தட்டின. நாலு. மூன்று.

இட்ஸ் நாட் சிக்னெஸ், இட்ஸ் மை பிளட்.

ஒரு அசை மாறவில்லை. அபிதா துள்ளிக் குதித்தாள். யசீகரன் “அட!” என்றான். வசந்தமலர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

“உந்தக் குளிர் தண்ணிக்குள்ள நிண்டால் பிள்ளைக்குக் காய்ச்சலெல்லோ வரப்போகுது!”

 மற்ற மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அடுத்த இரண்டு நிமிட வசனம் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. தான் என்ன சொன்னோம் என்று விளங்காத வசந்தமலரும் சேர்ந்து சிரித்தார்.

கடைசியில் பெயர்கள் ஓடின. ஆங்கில வசனம் என்ற இடத்தில் யாரோ ஒருவரின் பெயர் இருந்தது. ஷோ சிங்கூட இல்லை. அபிதா தொலைக்காட்சியை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தாள். களவு, இது களவு என்று ஆங்கிலத்தில் கத்தினாள். யசீகரன் சமாதானம் சொல்லப் பார்த்தான்.

“விடுமப்பா. வரி வந்திட்டுது. அதுதானே முக்கியம்?”

“ஓம், வரி வந்திட்டுது,” என்றாள் சோபனா. எழுந்துபோய் மடிக்கணினியை எடுத்து வந்தாள். “அதால என்ர பேர் முக்கியமில்லையெண்டு ஆர் சொன்னது?”

கம்பெனியின் இணையப் பக்கத்தில் முறையீடு அனுப்புகிற இடம் ஒன்று இருந்தது. அவள் அதைத் திறந்தாள். வசந்தமலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“வேலையும் போயிட்டுது. இனி அவையிட்ட என்னத்தைக் கேக்கப்போறாய்?”

“என்ர பேரைப் போடச் சொல்லி.”

“கேக்கிறதுதான் கேக்கிறாய், முழுசாக் கேள். கொப்பான்ர பேரையும் சேர்த்து. அது என்ன சிங்கு?”

சோபனா இரத்தினசிங்கம் என்று தட்டினாள். எழுத்து எண்ணிக்கை கூடிவிட்டது, சுருக்கவும் என்று திரையில் சிவப்பில் வந்தது. அவள் சுருக்கவில்லை. பெயரை இரண்டாகப் பிரித்து இரண்டு கட்டத்தில் போட்டாள். சிவப்பு போய்விட்டது.

கடைசியில் ஒரு கட்டம் மீதி இருந்தது. காரணத்தை எழுதினால்தான் கோரிக்கை போகும் என்று அதில் இருந்தது. அந்தக் கட்டத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு விரல்களால் மேசையை ஒருமுறை தட்டிவிட்டு எழுதினாள்:

“அந்த ஏழு அசையையும் எழுதியவள் நான்.”